மொன்தல்பானோ பேசுகிறேன்: ஒரு துப்பறியும் தொடரும் மொழி கற்றலும்

இத்தாலி மொழியின் எந்தத் தொடக்கப் பாடநூலை எடுத்தாலும் முதல் பாடம் அறிமுகம்தான். ‘சோனோ’ என்றால் ‘இருக்கிறேன்’ அல்லது ‘ஆவேன்’. தன் பெயரைச் சொல்ல விரும்புபவர் முதலில் ‘சோனோ’ என்று சொல்லி, பிறகு பெயரைச் சொல்ல வேண்டும். ‘சோனோ மரியா’, ‘சோனோ பாவ்லோ’ என்று பயிற்சி எழுதுவோம். அதன்பின் இத்தாலியின் புகழ்பெற்ற துப்பறியும் தொடரான ‘கொம்மிஸ்ஸாரியோ மொன்தல்பானோ’வைப் பார்க்க உட்கார்ந்தால், கதாநாயகன் தொலைபேசியை எடுத்துச் சொல்லும் வாக்கியமே அந்தப் பாடத்துக்கு மாறாக இருக்கிறது. அவர் சொல்வது: ‘மொன்தல்பானோ சோனோ.’ பெயர் முன்னால், வினை பின்னால்.

பாடநூல் தவறா, காவல் அதிகாரி பேசுவது தவறா? இரண்டும் தவறில்லை என்று புரிந்துகொள்வதுதான் இந்தத் தொடரிலிருந்து மொழி கற்பவருக்குக் கிடைக்கும் முதன்மையான பாடம். பல ஆண்டுகளாக வகுப்பறையில் மொழி கற்பித்துவரும் நமக்கு, ஒரு புதிய மொழியின் முன் மாணவராக உட்காரும்போது இந்தப் பாடம் வேறு விதமாக உறைக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து நம் வகுப்பறைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். இது பெரியவர்களுக்கான குற்றப் புலனாய்வுத் தொடர். மாணவர்களுக்குத் திரையிடுவதற்கு உரியதன்று. ஆசிரியரின் சொந்தக் கற்றலுக்கு உரியது என்ற அளவிலேயே இங்குப் பேசுகிறேன்.

தொடரும் அதன் ஊரும்

இத்தொடருக்கு மூலம் ஆந்த்ரேயா கமில்லேரி எழுதிய நாவல்கள். அவர் 1925இல் சிசிலித் தீவின் தென்கரையில் உள்ள போர்த்தோ எம்பேதொக்லே என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். நாடக இயக்குநராகவும், நடிப்புக் கல்லூரி ஆசிரியராகவும், இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ‘ராய்’ நிறுவனத்தில் தயாரிப்பாளராகவும் பணியாற்றினார். மொன்தல்பானோ வரிசையின் முதல் நாவலான ‘நீரின் வடிவம்’ 1994இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 68. 2019இல் தம் 93ஆம் வயதில் காலமானார்.

தொடரின் முதல் படம் 1999 மே 6 அன்று ஒளிபரப்பானது. கடைசிப் படம் 2021 மார்ச் 8 அன்று. 22 ஆண்டுகளில் மொத்தம் 37 படங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கும் கூடுதலாக ஓடும் முழுக் கதை. கதை நடக்கும் ‘விகாதா’ என்ற ஊர் வரைபடத்தில் இல்லை. தம் சொந்த ஊரை மனத்தில் வைத்துக் கமில்லேரி படைத்த கற்பனை ஊர் அது. படப்பிடிப்பு நடந்ததோ தீவின் தென்கிழக்கில் ரகூசா, மோதிகா, ஷிக்லி ஆகிய ஊர்களில். மொன்தல்பானோவின் கடற்கரை வீடாகக் காட்டப்படுவது புன்தா செக்கா என்ற மீனவச் சிற்றூரில் உள்ள ஒரு வீடு.

பிரிட்டனில் பி.பி.சி. 4 அலைவரிசை இத்தொடரை மொழிமாற்றம் செய்யாமல், ஆங்கிலத் துணைவரிகளோடு ஒளிபரப்பியது. மூலக் குரல்களைக் கேட்டுக்கொண்டே பார்க்கும் இந்த வழிதான் மொழி கற்பவர்களுக்குப் பயன்படுகிறது.

துப்பறியும் கதை ஏன் பொருத்தமானது?

மொழி கற்பதற்குத் திரைப்படங்கள் எல்லாமே உதவும். ஆனால் துப்பறியும் கதைக்குத் தனியாகச் சில வசதிகள் உண்டு.

முதலாவது, கேள்விகள். யார், எங்கே, எப்போது, ஏன், எப்போதிலிருந்து என்ற வினாச்சொற்கள் விசாரணையின் ஒவ்வொரு காட்சியிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தாலியில் ‘கீ’, ‘தோவே’, ‘குவாந்தோ’, ‘பெர்கே’ என்ற நான்கும் மூன்றாவது படத்தைப் பார்க்கும்போது மனப்பாடம் செய்யாமலேயே பதிந்துவிடும்.

இரண்டாவது, மறுசொல்லல். குற்றம் நடந்த இரவில் என்ன ஆனது என்பதைச் சாட்சி ஒருமுறை சொல்வார். உதவியாளர் ஒருமுறை சுருக்குவார். அதிகாரி மேலாளரிடம் ஒருமுறை மாற்றிச் சொல்வார். இறுதியில் முழுதும் ஒருமுறை விளக்கப்படும். ஒரே செய்தியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வதைக் கேட்கிறோம். முதல்முறை தவறவிட்டது மூன்றாம்முறை பிடிபடுகிறது. நாம் வகுப்பில் செய்யும் மீள்பார்வையைக் கதை தானாகவே செய்துவிடுகிறது.

மூன்றாவது, வாடிக்கை. ஃபாத்சியோ என்ற உதவியாளர் யாரைப் பற்றி விசாரித்து வந்தாலும், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படிப்பார்: இன்னார், இன்ன ஊரில் இன்ன தேதியில் பிறந்தவர், இன்னாரின் மகன், இன்ன தெருவில் வசிப்பவர். இந்தப் பழக்கம் மொன்தல்பானோவுக்கு எரிச்சல் தரும். கற்பவருக்கோ அதுவே அருமையான பயிற்சி. நம் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டின் கலங்களைப் போன்ற அதே வரிசை. ஆணைப் பற்றிப் படித்தால் ‘நாதோ’, பெண்ணைப் பற்றிப் படித்தால் ‘நாதா’. பிறந்தவன், பிறந்தவள் என்று ஈற்றெழுத்து பாலைக் காட்டுவதைக் காது தானே பிடித்துக்கொள்கிறது.

தமிழ்க் காதுக்கு எளிதானவை

ஆங்கிலம் வழியாக இத்தாலி கற்பவர்கள் திணறும் சில இடங்களைத் தமிழ் பேசுபவர்கள் எளிதில் கடந்துவிடலாம்.

முதலாவது, ‘த’ ஒலி. ஆங்கிலத்தில் நுனிநாக்கு மேலண்ணத்தின் பக்கம் போகும்; அதனால் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் ‘ட’ போட்டு எழுதுகிறோம். இத்தாலியில் நாக்கு பல்லைத் தொடும். ‘மொன்தல்பானோ’ என்று நான் எழுதுவது அதனால்தான். எல்லாம் என்று பொருள்படும் சொல் ‘துத்தோ’, ‘டுட்டோ’ அன்று.

இரண்டாவது, இரட்டித்த மெய். இத்தாலியில் ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ‘பாலா’ என்றால் மண்வாரி. ‘பல்லா’ என்றால் பந்து. ஆங்கிலம் மட்டுமே பேசிப் பழகிய காதுக்கு இந்த வேறுபாட்டைப் பிடிக்க நீண்ட பயிற்சி தேவை. கனி – கன்னி, பலி – பல்லி, புளி – புள்ளி என்று பிறந்ததிலிருந்து வேறுபடுத்திக் கேட்டுவரும் நமக்கு அது தேவையில்லை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று கற்பிக்கும் தமிழாசிரியருக்குச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, எழுவாய் இல்லாத வாக்கியம். ‘வாதோ’ என்றாலே ‘போகிறேன்’. ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் புறப்படும் நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

புதிய மொழியைக் கற்கும்போது தாய்மொழி குறுக்கே நிற்கும் என்று பயிற்சிக் காலத்தில் படித்திருக்கிறோம். குறுக்கே நிற்பதுண்டு, கைகொடுப்பதும் உண்டு. எங்கே கைகொடுக்கும் என்று கண்டுகொள்வது கற்பிப்பவரின் வேலை.

பாடநூலில் இல்லாத மொழி

இனி, தொடக்கத்தில் பார்த்த ‘மொன்தல்பானோ சோனோ’வுக்கு வருவோம். சிசிலியில் இரண்டு மொழிகள் புழங்குகின்றன. ஒன்று, பள்ளியிலும் அலுவலகத்திலும் செய்தியிலும் வழங்கும் பொது இத்தாலி. மற்றொன்று, வீட்டிலும் சந்தையிலும் வழங்கும் சிசிலி மொழி. இது இத்தாலியின் சிதைவு அன்று. அதைப் போலவே இலத்தீனிலிருந்து தனியாக வளர்ந்தது. தொடரின் பாத்திரங்கள் பேசுவது பெரும்பாலும் இவ்விரண்டின் கலவை. நாவல்களில் சிசிலியின் பங்கு மிகுதி. தொலைக்காட்சியில் நாடு முழுவதும் புரிய வேண்டும் என்பதற்காகக் குறைத்திருக்கிறார்கள்.

சிசிலிக்காரர் பேசும் இத்தாலியில், அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தியை முன்னுக்குக் கொண்டுவந்து வினையைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் உண்டு. ‘நான் சிசிலிக்காரன்’ என்பதையும் ‘சிசிலியானோ சோனோ’ என்பார்கள். நாமும் தொலைபேசியில் ‘முருகன் பேசுறேன்’ என்று பெயரை முன்வைத்து வினையைக் கடைசியில்தானே சொல்கிறோம்? தமிழில் வினை இறுதியில் வருவது பொது இலக்கணம். சிசிலியில் அது அழுத்தத்துக்கான ஏற்பாடு. காரணம் வேறு, ஆனால் கேட்கும் நமக்கு அந்த வரிசை அந்நியமாகப் படுவதில்லை.

அடுத்தது, ஒலிகளின் மாற்றம். பொது இத்தாலியில் மாலை ‘சேரா’, சிசிலியில் ‘சீரா’. சூரியன் அங்கே ‘சோலே’, இங்கே ‘சூலி’. அன்பு அங்கே ‘அமோரே’, இங்கே ‘அமூரி’. பட்டியல் போட்டுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. இத்தாலியில் எகரம் வரும் பல இடங்களில் சிசிலியில் இகரம் வருகிறது. ஒகரம் வரும் பல இடங்களில் உகரம் வருகிறது. இந்த விதி பிடிபட்டபின் புரியாத சொற்களில் பாதி பழைய நண்பர்களாக மாறிவிடுகின்றன.

மூன்றாவது, இரட்டை லகரம். இத்தாலியில் அழகிய பெண் ‘பெல்லா’, சிசிலியில் ‘பெட்டா’. குதிரை இத்தாலியில் ‘கவல்லோ’, சிசிலியில் ‘கவட்டு’. இந்த ‘ட்ட’ நாம் ‘லட்டு’ என்று சொல்லும்போது வரும் அதே நாவளை ஒலி. சிறு பிள்ளையைக் குறிக்கும் ‘பிச்சிரிட்டு’ என்ற சொல்லிலும் இதுவே. வட இத்தாலியிலிருந்து வருபவருக்கே வராத ஒலி, நம் நாக்கில் இயல்பாக வருகிறது.

நான்காவது, காலம். சற்றுமுன் நடந்ததற்கு ஒரு வடிவம், நெடுநாள்முன் முடிந்ததற்கு வேறொரு வடிவம் என்று பாடநூல் பிரிக்கும். மொன்தல்பானோ, கண்முன் ஏதோ ஆகிவிட்டதைப் பார்த்து ‘கே ஃபூ?’ என்று கேட்கிறார். ‘என்ன ஆச்சு?’ என்று பொருள். பாடநூலின்படி அது நெடுநாள் முந்திய காலத்துக்கான வடிவம். சிசிலியில் இன்று காலை நடந்ததற்கும் அதுவே போதும்.

சொற்களிலும் தீவின் வரலாறு படிந்திருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை சிசிலி அரபு ஆட்சியில் இருந்தது. எள்ளுக்குச் சிசிலியில் ‘ஜுஜ்ஜுலேனா’ என்று பெயர். அரபுச் சொல்லான ‘ஜுல்ஜுலான்’ என்பதிலிருந்து வந்தது. அதே அரபுச் சொல் போர்த்துக்கீசு வழியாக இந்தியாவுக்கும் வந்தது. நம் நல்லெண்ணெய்ப் பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சலி’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதுதான்.

யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள்?

முதல் சில படங்களில் ‘எத்தனை சொல் புரிந்தது?’ என்று எண்ணிக்கொண்டு பார்ப்போம். அது சோர்வைத்தான் தரும். ‘யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்?’ என்று கவனித்தால் காட்சியே வேறாகிவிடுகிறது.

இத்தாலியில் முன்னிலைக்கு நெருக்கமானவர்களிடம் ‘தூ’, மரியாதைக்கு ‘லேய்’. ‘லேய்’ என்பதன் நேர்ப்பொருள் ‘அவள்’. பெரியவரிடம் ‘ஐயா சாப்பிட்டாரா?’ என்று படர்க்கையில் கேட்பதைப் போன்ற ஏற்பாடு அது. சிசிலியில் இதற்கும் மேலாக ‘வொஸ்ஸீயா’ என்ற பழைய மரியாதைச் சொல் உண்டு. துணை அதிகாரி மிமீ ஔஜெல்லோ கதாநாயகனைப் பெயர் சொல்லி ‘தூ’ என்கிறார், இருவரும் நண்பர்கள். ஃபாத்சியோ அவரை ‘தொத்தோரே’ என்று அழைக்கிறார். வீட்டு வேலைகளைப் பார்க்கும் அதெலீனா ‘வொஸ்ஸீயா’ என்கிறார். உறவும் நிலையும் சுட்டுப்பெயரிலேயே தெரிந்துவிடுகின்றன. ‘தொத்தோரே’ என்றால் மருத்துவர் என்று எண்ணிவிடக் கூடாது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எவரையும் அங்கே அப்படி அழைப்பார்கள்.

மொன்தல்பானோவே ஒரு நாளில் பல மொழி பேசுபவர். ஜெனோவா நகரத்தவரான காதலி லிவியாவிடம் பொது இத்தாலி. மேலதிகாரியிடம் விறைத்த அலுவலக மொழி. மீனவரிடமும் முதிய சாட்சியிடமும் சிசிலி. சாட்சி வாய் திறக்கத் தயங்கும் இடத்தில் அவர் சிசிலிக்கு மாறுவார். எதிரில் இருப்பவரின் தோள் தளரும். மொழி தெரியாமல் பார்த்தாலும் அந்தத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

அந்த மொழியைப் பேசும் நடிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொன்தல்பானோவாக நடித்த லூக்கா த்சிங்கரெத்தி ரோம் நகரத்தவர். நடிப்புக் கல்லூரியில் கமில்லேரியின் மாணவர். ஃபாத்சியோவாக நடித்தவர் கலாப்ரியாக்காரர். மிமீயாக நடித்தவர் நடு இத்தாலியின் மார்க்கே பகுதியைச் சேர்ந்தவர். கோடிக்கணக்கானோர் சிசிலிப் பேச்சு என்று கேட்டு மகிழ்ந்ததில் பெரும்பங்கு, கேட்டுக் கேட்டுக் கற்ற பேச்சு. வளர்ந்தபின் மொழி கற்பவருக்கு இதைவிட ஊக்கம் வேண்டுமா?

கத்தரெல்லாவின் மொழி

தொடரில் எல்லாரையும் சிரிக்கவைப்பவர் காவல் நிலையத்தின் தொலைபேசியில் அமர்ந்திருக்கும் கத்தரெல்லா. வந்தவர் பெயரை ஒருமுறையும் சரியாகச் சொல்ல மாட்டார். ‘நேரில்’ என்று சொல்ல ஒரு சொல் போதும். அவர் இரண்டு சொற்களை அடுக்கி, அவற்றின் எகரத்தை இகரமாக்கி, ‘தி பிர்சோனா பிர்சொனல்மெந்தே’ என்பார். ‘நேரிலேயே நேரடியாக’ என்பதுபோல.

இவர் எந்த இடத்தில் சிரிப்புக்குள்ளாகிறார் என்று கவனித்தால் ஒன்று விளங்கும். தம் வீட்டு மொழியைப் பேசுவதால் அன்று. தமக்குப் பிடிபடாத அலுவலக இத்தாலியைப் பேச முயலும்போதுதான். மரியாதையாகப் பேச வேண்டும், தவறு வந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் சொற்கள் பெருகி, உருமாறி வருகின்றன. அந்தப் பதற்றத்திலும் விதி இருக்கிறது: ‘பெர்சோனா’ என்பது ‘பிர்சோனா’ ஆனது, மேலே பார்த்த அதே உயிர்மாற்றம்தான்.

கமில்லேரி இந்தப் பாத்திரத்தைச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. கதைப்போக்கில் கத்தரெல்லா கணினிப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். நிலையத்திலேயே கணினியைத் திறமையாகக் கையாளுபவர் அவர்தான் என்று ஆகிவிடுகிறது. பெயரைச் சரியாகச் சொல்ல வராதவர், மற்றவர்களால் திறக்க முடியாத கோப்பைத் திறக்கிறார். மொழித் தடுமாற்றத்தை அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொண்டிருந்த பார்வையாளர் அங்கே சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாடு தன் மொழியைக் கற்ற கதை

இத்தாலி 1861இல்தான் ஒரே நாடானது. அப்போது மக்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் பொது இத்தாலி பேசினார்கள் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டார். பிற்கால ஆய்வாளர் சிலர் பத்துக்கு அருகே என்கிறார்கள். எதைக் கொண்டாலும், மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாட்டின் மொழி பள்ளியில் கற்க வேண்டிய மொழியாகவே இருந்தது.

அதைப் பரப்பியதில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. ‘ராய்’ தொலைக்காட்சி 1954இல் முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்ஸி என்ற பள்ளி ஆசிரியர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக ‘காலம் கடந்துவிடவில்லை’ என்ற பொருள்படும் நிகழ்ச்சியை நடத்தினார். ஒரு தாங்கியில் பெரிய தாளை வைத்து, கரியால் படம் வரைந்துகொண்டே எழுத்துகளைக் கற்பித்தார். ஏறத்தாழ 15 லட்சம் பேர் இதன் துணையோடு தொடக்கக்கல்விச் சான்று பெற்றார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஓர் ஆசிரியர் தொலைக்காட்சி வழியே செய்த பெரும்பணி இது.

நாட்டு மக்களுக்குப் பொது மொழியைக் கற்றுத்தந்த அதே ‘ராய்’ தொலைக்காட்சியில்தான், 1999இல், சிசிலிப் பேச்சு கலந்த மொன்தல்பானோ வந்து நாடு முழுவதையும் கேட்கவைத்தார். அது எளிதாக நேர்ந்துவிடவில்லை. கமில்லேரியின் முதல் நாவலைப் பதிப்பாளர்கள் பத்தாண்டு அளவுக்குத் தள்ளினார்கள். 1978இல்தான் அது வெளிவந்தது. நோயுற்றிருந்த தம் தந்தையிடம் அந்தக் கதையைச் சொன்னபோது, எனக்குச் சொன்ன விதத்திலேயே எழுதேன் என்று தந்தை கேட்டதுதான் தம் எழுத்துமொழிக்கு வழிவகுத்தது என்று கமில்லேரி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சிசிலி மொழி இன்று யுனெஸ்கோவின் அழியும் ஆபத்துள்ள மொழிகளின் பட்டியலில் இருக்கிறது. 1999இல் இத்தாலி இயற்றிய சிறுபான்மை மொழிகள் சட்டத்தின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

எப்படிப் பார்ப்பது?

எந்த மொழித் தொடருக்கும் பொருந்தும் சில நடைமுறைகள்:

1. முழுக் கதையையும் முதலில் பொழுதுபோக்காகவே பாருங்கள். நமக்குத் தெரிந்த மொழியில் துணைவரி இருக்கட்டும். கதை தெரிந்தால்தான் காது ஓய்வாகக் கேட்கும்.

2. பிறகு இரண்டு அல்லது மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொலைபேசி உரையாடல், உணவகக் காட்சி, ஃபாத்சியோவின் தாள் போன்றவை தொடக்கத்துக்கு ஏற்றவை. சண்டை, ஒரே நேரத்தில் பலர் பேசுவது போன்றவற்றைத் தள்ளிவையுங்கள்.

3. அதை மூன்று முறை பாருங்கள். முதல்முறை துணைவரி இல்லாமல்: யார், யாரிடம், எந்த மனநிலையில் என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம்முறை கற்கும் மொழியிலேயே துணைவரியோடு: காதில் விழுந்தது எழுத்தில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். மூன்றாம்முறை பாத்திரத்தோடு சேர்ந்து வாய்விட்டுப் பேசுங்கள்.

4. குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். முழு வாக்கியத்தையும், சொன்னவர் பெயரையும், யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். சொல் யாருடையது என்று தெரியாமல் கற்றால், கத்தரெல்லாவின் சொல்லை மிலான் நகர வங்கியில் சொல்ல நேரிடும்.

5. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் பாடநூல் வடிவம், மறுபுறம் தொடரில் கேட்ட வடிவம் என்று எழுதுங்கள். பத்து இணைகள் சேர்ந்ததும் விதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

6. கையையும் தலையையும் கவனியுங்கள். தென் இத்தாலியில் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து நாக்கைச் சொடுக்கினால் ‘இல்லை’ என்று பொருள். துணைவரியில் அது வராது.

நம் வகுப்பறைக்கு

மேலே சொன்ன ஐந்தாம் நடைமுறைதான் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘இலை’யை ‘எலை’ என்றும், ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்றும், ‘குடை’யை ‘கொடை’ என்றும் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மையால் மூன்று சுழி போட்டுவிடலாம். அதற்குமுன் அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சிசிலியில் பார்த்ததன் மறுதிசைப் பயணம் தெரியும். அங்கே எகரம் இகரமாகிறது, ஒகரம் உகரமாகிறது. நம் பேச்சில் இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. அதுவும் எல்லா இடத்திலும் அன்று. முதலெழுத்தை அடுத்து, இடையில் ஒற்று இல்லாமல், அகரமோ ஐகாரமோ ஏறிய எழுத்து வந்தால் மட்டும். நிலம் ‘நெலம்’ ஆகும்; முகம் ‘மொகம்’ ஆகும். ஆனால் இனிப்பு இனிப்பாகவே இருக்கும், குருவி குருவிதான், முத்தம் ‘மொத்தம்’ ஆவதில்லை. அந்த மாணவி கவனக்குறைவாக எழுதவில்லை. யாரும் சொல்லித்தராத ஒரு விதியைப் பிழையில்லாமல் பின்பற்றியிருக்கிறாள்.

இந்த விதியை நாம் சொல்லிவிடாமல் மாணவர்களையே கண்டுபிடிக்க வைக்கலாம். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ‘வீட்டில் சொல்வது’, ‘நூலில் எழுதுவது’ என்று தலைப்பிட்டு, சொற்களை அவர்களிடமிருந்தே வாங்குங்கள். இருபது சொற்கள் சேர்ந்ததும், மாறும் சொற்களையும் மாறாத சொற்களையும் தனித்தனிக் குழுவாக்கி, என்ன வேறுபாடு என்று கேளுங்கள். துப்பறிவாளரின் வேலையை அவர்கள் செய்யட்டும். விதியைத் தாமே கண்ட பிள்ளை, எழுதும்போது எந்தப் பக்கத்துச் சொல்லைத் தேர்வது என்று தானே முடிவு செய்யும். எழுத்துத் தமிழ் கட்டாயம் வர வேண்டும். தேர்வுக்கும் வேலைக்கும் நூல்களுக்கும் அதுவே வாசல். ஆனால் வீட்டுப் பேச்சைக் கேலிக்குள்ளாக்கி அந்த வாசலுக்கு அழைத்துச் செல்ல முடியாது. கேலிக்கு அஞ்சும் பிள்ளை தவறில்லாமல் பேசக் கற்பதில்லை, பேசாமலிருக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

ஆங்கில வகுப்புக்கும் இதே முறை பொருந்தும். முழுப் படத்தைத் திரையிட்டுவிட்டு ‘என்ன புரிந்தது?’ என்று கேட்பதைவிட, வயதுக்கேற்ற இரண்டு நிமிடக் காட்சியை மூன்று முறை காட்டுவது பயன் தரும். முதல்முறை ஒலியை மட்டும் கேட்டு, பேசுபவர்கள் யார், நண்பர்களா, ஆசிரியரும் மாணவருமா என்று ஊகிக்கச் சொல்லலாம். மொழி தெரியாத பிள்ளையும் இந்தக் கேள்விக்குக் கை தூக்கும்.

எப்போதும் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்டால் எழுந்து நின்று பேசாமலே உட்காரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரம் ஒரு கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: ‘இதை உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க?’ வரும் பதிலைக் கரும்பலகையின் இடப்பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். வலப்பக்கத்தை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நிரப்பலாம்.